இரண்டு போஸ்களும் ஒரு கோழிக் குழம்பும்



மகன் வீட்டுக்கு டோக்கியோ வந்து 23 நாள் ஆகிறது. "டீச்சர், படம் மட்டும் போடுறீங்க, ஒண்ணும் எழுத மாட்டேங்குறீங்க" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மதுரைத் தங்கச்சியோ, "அக்கா, சோத்துக்கு என்ன பண்றீங்க?" என்று தினம் கேட்கிறாள். எல்லாருக்கும் சேர்த்து இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். அவசரக்காரர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். ஆனால் 1994-95 எட்டாம் வகுப்புக்காரர்கள் மட்டும் கடைசி வரை படிக்க வேண்டும். இது டீச்சர் சொல்வது.

மகன் குடியிருப்பது நிஷி கசாய் என்கிற பகுதி. நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். கறிவேப்பிலை, உளுத்தம்பருப்பு, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. வெளியே போனால்தான் எனக்கு நாக்கு செத்துப்போகிறது. எல்லாவற்றிலும் ஒரு இனிப்பு. "என்னம்மா, குழம்பில் கூடவா சர்க்கரை போடுவார்கள்?" என்று மருமகளிடம் புலம்பிக்கொண்டே இருந்தேன். போன வியாழக்கிழமை அவள் ஆபீசுக்கு லீவு போட்டாள்.

"அத்தை, கிட்டத்தட்ட நூறு வருஷமா இந்தியக் கோழிக் குழம்பு விக்கிற கடை ஒண்ணு ஷின்ஜுக்குல இருக்கு. அதே கட்டடத்துல சின்னதா ஒரு மியூசியமும் இருக்கு. நிதானமா போய்ட்டு நிதானமா வருவோம். மூட்டு வலிக்கு எல்லா இடத்துலயும் லிஃப்ட் இருக்கு" என்றாள்.

கிளம்பினோம். காலை கூட்டம் வடியட்டும் என்று ஒன்பதரைக்கு மேல்தான் ரயில் ஏறினோம். எங்கள் லைன் கூட்டத்துக்குப் பேர்போனதாம். நடுவில் ஒரு முறை வண்டி மாறினோம். ஷின்ஜுக்கு ஸ்டேஷனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. நம் மாட்டுத்தாவணியை நாலு மாடியாக அடுக்கி, எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். மருமகள் கையை விடவில்லை.

கடையின் பெயர் நகாமுராயா. சோமா ஐசோ என்பவரும் அவர் மனைவி சோமா கொக்கோவும் 1901இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் எதிரே ஒரு ரொட்டிக்கடையை விலைக்கு வாங்கி ஆரம்பித்தது. 1904இல் கிரீம் வைத்த பன் செய்து விற்றார்கள். ஜப்பானில் இன்றைக்கும் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் கிடைக்கிற கிரீம் பன்னுக்கு அவர்கள்தான் முன்னோடிகள். 1909இல் ஷின்ஜுக்குவுக்குக் கடையை மாற்றினார்கள். அந்த அம்மாளுக்குக் கலை இலக்கியத்தில் ரொம்ப ஈடுபாடு. கடைக்குப் பின்னால் ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் எந்நேரமும் கூடியிருப்பார்களாம். அவர்கள் விட்டுப்போன வேலைகளை வைத்துத்தான் மூன்றாவது மாடியில் இந்த மியூசியம். 2014இல் கட்டடத்தைப் புதிதாகக் கட்டியபோது திறந்திருக்கிறார்கள்.

மியூசியம் என்றதும் எழும்பூர் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் பள்ளிக்கூடத்து வகுப்பறைகள் சிலவற்றைச் சேர்த்தால் வருகிற இடம். அன்றைக்கு எங்களையும் சேர்த்து ஆறு பேர்தான். எனக்கு அதுதான் பிடித்தது. பெரிய மியூசியத்தில் கால்தான் பார்க்கும், கண் பார்க்காது.

முதலில் நின்றது ஒரு வெண்கலப் பெண் சிலை முன்னால். ஒகிவாரா மொரியே என்கிற சிற்பி 1910இல் செய்தது. முழங்கால் போட்டிருக்கிறாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருக்கிறாள். முகம் மட்டும் மேலே பார்க்கிறது. எழுந்திருக்கப் பார்க்கிறாளா, எழ முடியாமல் இருக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சிற்பி கொக்கோ அம்மாளை மனதுக்குள் நேசித்தவர். அவர் கல்யாணமானவர், பிள்ளைக்குட்டிக்காரி. சிலையை முடித்த கொஞ்ச நாளில் அந்த வீட்டிலேயே ரத்தம் கக்கி முப்பது வயதில் செத்துப்போனார். பிறகு சிலையைப் பார்த்த கொக்கோவின் குழந்தைகள், "அம்மா!" என்றார்களாம். மாடலாக உட்கார்ந்தது வேறு ஒரு பெண். மருமகள் ஜப்பானிய அட்டையைப் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்போல் இருந்தது.

அடுத்து ஒரு பெண்ணின் ஓவியம். வரைந்தவர் நகாமுரா ட்சுனே, வருடம் 1914. வீட்டின் மூத்த மகள் தோஷிகோ, அப்போது பதினாறு வயது, பள்ளிக்கூடம் படிக்கிற பெண். ட்சுனே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்படி கேட்டார். அவருக்குக் காசநோய். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப இந்தப் பொண்ணு யாரைக் கட்டுச்சு?" என்று கேட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு அதுதானே முதல் கேள்வி.

மருமகள் அட்டையைப் படித்தாள். "அத்தை, ஒரு இந்தியரை. ராஷ் பிகாரி போஸ்."

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கதையை முடித்துவிடுகிறேன். நம் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் போனவர்.

1912 டிசம்பரில் டெல்லியில் யானைமேல் ஊர்வலம் போன வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசினார்களே, அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தவர் இவர். 1915இல் ராணுவத்துக்குள் கிளர்ச்சி செய்யப் போட்ட திட்டம் காட்டிக்கொடுக்கப்பட்டது. தாகூரின் உறவினர் என்று சொல்லிக் கப்பல் ஏறி ஜப்பான் வந்துவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் விடுவார்களா? அப்போது ஜப்பான் அவர்களுக்குக் கூட்டாளி நாடு. அந்த வருடக் கடைசியில் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. வெளியேறினால் தூக்குக்கயிறுதான். செய்தியைப் பத்திரிகையில் படித்த ரொட்டிக்கடைக்காரர் ஐசோ, எங்கள் வீட்டில் மறைத்து வைத்துக்கொள்கிறோம் என்றார். போஸையும் கூட இருந்த ஹேரம்பலால் குப்தாவையும் கடைக்குப் பின்னால் இருந்த ஓவியக் கொட்டகையில் வைத்தார்கள். நாலு மாதத்துக்கு மேல். கடையில் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரிடமும் விஷயத்தைச் சொல்லியே வைத்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். நம் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சைக்கூட நாலு நாள் மறைக்க முடியாது.

உத்தரவு நீங்கிய பிறகும் ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். வீடு மாற்றி வீடு மாற்றி ஒளிந்தார். அவரைக் காப்பாற்ற ஒரு ஜப்பானியக் குடும்பம் கூடவே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசி, தோஷிகோவைக் கேட்டார்கள். அந்தப் பெண் யோசித்துத் தானே சம்மதம் சொன்னாளாம். 1918இல் ரகசியக் கல்யாணம். 1923இல் அவருக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைத்து, இனி ஒளிய வேண்டாம் என்று ஆனது. 1925இல் தோஷிகோ போய்விட்டாள். இரண்டு குழந்தைகள். அவளை வரைந்த ட்சுனே அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், 1924 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். ஒளிந்து வாழ்ந்த காலம் எவ்வளவு, நிம்மதியாக வாழ்ந்த காலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

மருமகள் என் முகத்தைப் பார்த்து, "அத்தை, பசிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். அதுவும் உண்மைதான்.

சாப்பாட்டுக் கடை அதே கட்டடத்தில் அடித்தளத்தில் இருக்கிறது. பெயர் மன்னா. வாசலில் கொஞ்சம் வரிசை. எல்லாரும் என் வயதுக்காரர்கள், ஜப்பானியப் பாட்டிமார்கள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துணியும் தண்ணீரும் வந்துவிடும். காசு கிடையாது. டிப்ஸ் வைக்கிற பழக்கமும் இந்த நாட்டில் இல்லை.

ஜப்பானியர்களுக்குக் குழம்பு என்பது பிரிட்டிஷ்காரர் வழியாக வந்தது. மாவு கரைத்துக் கெட்டியாக்கி, கொஞ்சம் இனிப்பாக. போஸுக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. மாமனார் கடையில் சாப்பாட்டுப் பகுதி திறக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் ஊர்க் குழம்பையே போடுவோம் என்று சொல்லியிருக்கிறார். 1927 ஜூன் 12இல் ஆரம்பம். மற்ற கடைகளில் 10, 12 சென்னுக்குக் குழம்பு சோறு கிடைத்த காலத்தில் இங்கே 80 சென். இருந்தும் கூட்டம் வந்தது. காதலும் புரட்சியும் சேர்ந்த சுவை என்று இன்றைக்கும் அதற்குப் பெயர்.

தட்டில் சோறு தனி, குழம்பு ஒரு கிண்ணத்தில் தனி. எலும்போடு பெரிய பெரிய கோழித் துண்டு. தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, ஊறுகாய் வகைகள், ஏனோ சீஸ் தூளும். குழம்பு நன்றாக இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், செட்டிநாட்டுப் பக்கத்துக்காரிக்குக் காரம் பத்தாது. ஆனால் வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கிய வாசம் வந்தது. அந்த வாசம் அவசர அடுப்பில் வராது. சோறு ஜப்பானிய அரிசி, கொஞ்சம் ஒட்டும். பக்கத்து மேசைப் பாட்டி என் புடவையைப் பார்த்து, தன் தட்டைக் காட்டி ஏதோ கேட்டார். "உங்க ஊர்லயும் இப்படித்தான் இருக்குமான்னு கேக்குறாங்க அத்தை." இன்னும் ரெண்டு பச்சை மிளகாய் போடுவோம் என்று சொல்லச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இப்போது 1994-95க்கு வருகிறேன்.

அப்போது எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நான்தான். இந்திய தேசிய ராணுவம் பாடம். இரண்டு போஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். பெயரை இங்கே போடவில்லை. வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். "டீச்சர், எங்க தாத்தா ரெண்டு போஸையும் பாத்திருக்காரு. மொதப் போஸ் ஜப்பான்காரியக் கட்டினவராம். அங்க கறிக்கடை இருந்துச்சாம்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "கதை விடாதே, பரீட்சைக்கு வர்றதை மட்டும் படி" என்றேன். "நெசமாத்தான் டீச்சர்" என்று திரும்பச் சொன்னான். எதிர்த்துப் பேசுகிறான் என்று, 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்று ஐம்பது முறை எழுதிவரச் சொன்னேன். எழுதிவந்தான். ஐம்பதும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தீர்கள். அதை நான் தடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து அந்தத் தாத்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டீச்சரைப் பார்க்கணும் என்றாராம். அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். வேப்பமரத்தடியில் மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடத்துக்குள் அவர் காலமாகிவிட்டார். பையன் எட்டோடு நின்றுவிட்டான். திருப்பூர் போனான் என்று சொன்னார்கள்.

டிப்ளமோ படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப்போக வேண்டும் என்று. பரீட்சையில் அதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். தெரிந்தவன் எழுந்து நின்றபோது உட்கார வைத்தேன்.

அந்தப் பெரியவர் சொன்னதில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போன பிறகு, ராஷ் பிகாரி போஸ் அந்தப் பக்கம் வந்துவிட்டார். அந்த ஜூனில் பாங்காக் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இந்திய சுதந்திர லீக்கை நடத்தினார். 1943 ஜூலை 4இல் சிங்கப்பூர் கத்தே அரங்கில் எல்லாப் பொறுப்பையும் நேதாஜி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். தோட்டத்தில் இருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தர் இரண்டு பேரையும் பார்த்திருந்தால் என்ன அதிசயம்? போஸ் 1945 ஜனவரி 21இல் டோக்கியோவில் இறந்தார். சுதந்திரத்தைப் பார்க்கவில்லை. அதே வருடம் ஒகினாவா சண்டையில் மகனும் போய்விட்டான். இவ்வளவும் எனக்கு 66 வயதில்தான் தெரிகிறது. அந்தப் பையனுக்குப் பதின்மூன்று வயதில் பாதி தெரிந்திருந்தது.

இதையெல்லாம் மருமகளிடம் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன என் குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் மாங்காய்ச் சட்னியை என் பக்கம் தள்ளினாள். நல்ல பெண். சம்பந்தி அம்மா இதைப் படிப்பார்கள் என்று எழுதவில்லை, நிஜமாகவே நல்ல பெண்.

கிளம்பும்போது கீழ்த்தளக் கடையில் மகனுக்கு கிரீம் பன் வாங்கினோம். வெளியே நவம்பர் குளிர். பக்கத்திலேயே கினோகுனியா புத்தகக்கடை. ஒரு பழைய காபிக்கடையில் உட்கார்ந்தோம். காபி கசப்பு, ஆனால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வழியில் மீன் அச்சில் சுட்ட ஒரு பலகாரம் சாப்பிட்டோம், பெயர் தாய்யாகி. மீன் எல்லாம் கிடையாது. உள்ளே சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறை வேகவைத்து இனிப்புப் போட்டு அரைத்த பூரணம். நம் சுழியத்தை மீனாகப் பிடித்த மாதிரி. பெரியம்மா இருந்திருந்தால் நாலு சாப்பிட்டிருப்பார்.

ராத்திரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சோபா கடை. எட்டு பேர் உட்காரலாம், ஒரு கிழவரும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். வாசலிலேயே மெஷினில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். மூங்கில் தட்டில் சோபா நூடுல்ஸ், தோய்த்துச் சாப்பிட ஒரு கிண்ணத்தில் கறுப்புச் சாறு. உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைவக்காரர்கள் கவனிக்க: அந்தச் சாற்றில் காய்ந்த சூரை மீன் சேரும். நம் கடற்கரைப் பக்கத்து மாசிக் கருவாடு தெரியுமல்லவா, அதற்கு உடன்பிறப்பு. சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா நூடுல்ஸ் வெந்த தண்ணீரைச் சுடச்சுட ஒரு ஜாடியில் கொண்டுவந்து வைத்தார். மீதிச் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டுமாம். வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்போமே, அதேதான். இந்த நாட்டுக்கு வந்து முதல் முறையாக வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

1994-95க்காரர்களே, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் நம்பர் யாரிடமாவது இருக்கும். அவனுக்கு இப்போது 44, 45 வயது இருக்கும். எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே கமெண்டில் போட வேண்டாம். அந்தப் பட்டப்பெயரையும் யாரும் இங்கே எழுத வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன். அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன். அந்த மஞ்சள் பை இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

டிசம்பர் 10 ஊருக்கு வருகிறேன்.

உங்கள் டீச்சர்